வானம் எப்படி என்று கேட்டது யார்?

1

இந்தக் கதை எனக்குச் சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானாக யோசித்துக் கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வீர்கள்.

நான் வேலை பார்ப்பது பிள்ளைகளுக்கான ஓர் உதவி மையத்தில். போனுக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளைகள் இங்கே வருவார்கள். உள்ளறையில் உட்கார்ந்து அவர்களோடு பேசுவது என் வேலை இல்லை. நான் கடிதம் எழுதுகிறவன். இந்தப் பிள்ளையின் படத்தை உங்கள் தளத்திலிருந்து நீக்குங்கள் என்று கம்பெனிக்கு எழுதுவேன். இந்தக் கணக்கு யாருடையது என்று விசாரியுங்கள் என்று காவல்துறைக்கு எழுதுவேன். இவள் ஏன் லீவு போட்டாள் என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள் என்று பள்ளிக்கூடத்துக்கு எழுதுவேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதிப்போட்ட அதே வரிசை. அதில் இன்றுவரை கை வைக்கவில்லை. காவல்துறை பதில் போட நாளாகும். கம்பெனியின் பதில் நொடியில் வந்துவிடும்: 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு மிகவும் முக்கியம்.' எந்த மனிதரும் உட்கார்ந்து எழுதாத வரி அது.

பிள்ளைகளோடு பேசுகிற சமூகப் பணியாளரை இங்கே எல்லோரும் அக்கா என்போம். அவரைவிட மூத்தவரான வாட்ச்மேனுக்கும் அவர் அக்காதான். அக்கா என்னைக் கூப்பிடுவது 'கடுதாசி' என்று. ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்:

"அந்தப் பொண்ணுக்கு அவன் ஞாபகமாவே இருக்காம், கடுதாசி."

"எவன் ஞாபகம்?"

"எவன்னா? படத்தை வச்சு மிரட்டினானே, அவன்தான்."

"மறுபடியும் மிரட்டுறானா?"

"இல்லப்பா. அவன் இல்லையேன்னு இருக்காம்."

டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டார். நான் என் இடத்துக்கு வந்து, பழக்க தோஷத்தில், 'பொருள்' என்று அடித்து இரண்டு புள்ளி வைத்தேன். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மிரட்டியவனுக்காக ஏங்குதல் தொடர்பாக என்றா எழுதுவது? எழுதினாலும் யாருக்கு அனுப்புவது? பெறுநர் கிடைக்காத காரணத்தால் அது கதையாகப் போயிற்று. இப்போது அந்த இடத்தில் உங்களைப் போட்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. நீங்கள் இருக்கும் இடத்தில் இப்போது வானம் எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்கிறேன். எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'அவள் ஓர் அப்பாவிப் பெண். உலகம் தெரியாதவள். ஒருநாள் அவளுடைய போனில் —'

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"அப்பாவியா? அவளா? நம்ம ரெண்டு பேரையும் வித்துட்டு மிச்சத்தையும் கையில குடுப்பா."

விவரமான பெண்தான். கார் பரிசு விழுந்திருக்கிறது என்று அம்மாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தபோது, "ஏம்மா, நீ சீட்டே வாங்கல, கார் மட்டும் எப்படிம்மா விழும்? மேலேருந்தா?" என்று சிரித்தவள். பள்ளிக்கூடத்தில் இணையப் பாதுகாப்புக்காக நடந்த சுவரொட்டிப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு. பெரிய தூண்டில், முள்ளில் இதயக் குறி, கீழே 'தெரியாதவரிடம் பேசாதே' என்று கொட்டை எழுத்து. அதற்கும் கீழே எங்கள் மையத்தின் தொலைபேசி எண்.*

இரண்டாவது தொடக்கம்: 'இன்றைய இளையோர் சமூக ஊடகங்களில் எதிர்கொள்ளும் ஆபத்துகள் பலவகைப்படும். அவற்றுள் தலையாயது —' இதை நான் நிறுத்தவில்லை. அதுவாகவே கொட்டாவி விட்டு நின்றுவிட்டது.

மூன்றாவது: 'அன்று காலை அவன் வேலைக்கு வந்தபோது முந்தைய ஆள் நாற்காலியைச் சூடாகவே விட்டுப் போயிருந்தான்.' இந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருக்கிறது. அதனாலேயே பயந்து ஓரமாக வைத்திருக்கிறேன். ஏன் என்று பிறகு தெரியும்.

* அடிக்குறிப்பாகப் போகவேண்டியது, இங்கேயே கிடக்கட்டும்: விஷயம் கை மீறிய பிறகு அவள் கூப்பிட்டதும் இந்த எண்ணைத்தான். தன் கையால் எழுதியதால் மனப்பாடமாக இருந்தது என்றாள். 'தெரியாதவர்' என்ற சொல்லைப் பற்றி அக்கா கேட்டபோது, "அப்போ அவன் எனக்குத் தெரிஞ்சவன்க்கா" என்றாள்.

3

ஆக, உள்ளறையிலிருந்து தொடங்குகிறேன்.

அந்த அறையில் மேசை இருக்கிறது. ஆனால் அக்கா அதைச் சுவரோரம் தள்ளிவிட்டார். இரண்டு நாற்காலிகளும் ஜன்னலைப் பார்த்தபடி அடுத்தடுத்து இருக்கும், பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போவதுபோல. எதிரே உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும் என்பது அக்காவின் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் நிறுத்தும் இடம், ஒரு துரு ஏறிய கூரை, அதற்கு மேலே கொஞ்சம் ஆகாயம்.

வீட்டில் அந்தப் பெண்ணைச் சின்னது என்றுதான் கூப்பிடுவார்கள். பெரியவள் கல்யாணமாகி வேறு ஊர் போய்விட்டாள். அப்பா லாரியோடு போனால் எப்போது வருவார் என்று லாரிக்குத்தான் தெரியும். அம்மாவுக்குச் சலவைத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரி, ஓட்டல் விரிப்புகளெல்லாம் அங்கேதான் வரும். நீராவி மெஷினிலிருந்து வெளிவரும் விரிப்பை இரண்டு பேராகப் பிடித்து மடிக்க வேண்டும். உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், ஷிஃப்ட் முடிந்துதான் எடுக்கலாம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சின்னது படம் வரைவாள். வரைந்ததைப் போட்டுவைக்கிற ஒரு குழுவில்தான் அவன் வந்தான். அவள் வரைந்த கப்பலின் கீழே எழுதினான்: 'இந்தக் கப்பலுக்கு நங்கூரமே இல்லையே, எங்கயும் நிக்காதா?' எல்லோரும் சூப்பர், செம என்று போட்டுவிட்டுப் போன இடத்தில் ஒருத்தன் நின்று பார்த்திருக்கிறான். அப்படித்தான் ஆரம்பம்.

பிறகு தினமும் பேச்சு. என்ன படிக்கிறாய், எங்கே இருக்கிறாய் என்றெல்லாம் அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தூண்டில் வரைந்தவளுக்குத் தெரியாதா? 'இன்னிக்கு உன் வானம் எப்படி?' என்று மட்டும் கேட்பான். அவள் ஜன்னலிலிருந்து படம் எடுத்து அனுப்புவாள். அவனும் ஒரு வானத்தை அனுப்புவான். அவனுக்கு அவள் வைத்த பெயர் வானிலை. பஸ்ஸில் இடம் கிடைக்காவிட்டாலும் மேகம் நன்றாக இருந்தால் அன்று நல்ல நாள், சொல்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டது.

மாதங்கள் கழித்து அவன் வேறொரு படம் கேட்டான். அவள் அனுப்பினாள்.

[                    ]

இந்த அடைப்புக்குறி காலியாகத்தான் இருக்கும். அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதியவனே அதை இங்கே விவரித்து மறுபடி மாட்டிவைத்தால் எப்படி?

மறுநாளே குரல் மாறியது. இன்னும் வேண்டும், இல்லையென்றால் இதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவேன், உன் வீடு எது என்று எனக்குத் தெரியும். அவள் எங்களைக் கூப்பிட்டாள். அக்கா ஓடினார், நான் எழுதினேன். படம் நீங்கியது, கணக்கு முடங்கியது. ரொம்ப நாள் கழித்து, இணையக் குற்றப் பிரிவில் இருக்கும் போலீஸ்காரம்மா அக்காவுக்குப் போன் செய்தார்: "ஒரு ஆள் இல்லக்கா. மூணு பேரு, ஒரே கணக்கு. ஷிஃப்ட் போட்டு உக்காருறானுங்க. சம்பளத்துக்கு."

இதைச் சொன்னால் அவள் மனம் அவனை விட்டுவிடும், நல்லது என்று அக்கா நினைத்தார். அவன் என்று ஒருவனே இல்லை என்று தெரிந்தபின் யாருக்காக ஏங்குவாள்? பக்கத்து நாற்காலியில் சொன்னார். சின்னது ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

"சொல்லும்மா."

"வானம் கேட்டது எந்த ஷிஃப்ட்டு?"

4

இந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். அவனை எழுதாமல் இதற்குமேல் நகர முடியாது என்று தோன்றியது. அவன் அனுப்பியவற்றையெல்லாம் அக்கா வழக்குக்காக உட்கார்ந்து படித்தவர். அவரிடம் கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கக்கா. அப்போதான் அவன் குரல் எனக்குப் பிடிபடும்."

"வேணாம் கடுதாசி."

"கதைக்குத்தான்."

"அதனாலதான் வேணாங்கறேன். படிச்சு முடிச்சிட்டு நானே ரெண்டு மூணு நாள் ஒரு மாதிரி இருந்தேன். வீட்டுக்குப் போனா, 'வந்துட்டியா, தண்ணி மோட்டரப் போடு'ங்கறாங்க. நம்மள யாராவது இப்படி ஒரு வார்த்தை கேட்டா என்னன்னு இருந்துச்சு. எனக்கே!" சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

நானே முயன்று பார்த்தேன். பத்தொன்பது வயது, தனி அறை, ஒழுகும் குழாய், மாடிப்படியில் படுத்திருக்கும் நொண்டி நாய். குழாய் நன்றாக வந்தது. நாய் இன்னும் நன்றாக வந்தது. எழுத எழுத அந்தப் பையனை எனக்கே பிடித்துப்போனது. அவனுக்குக் காய்ச்சல் வருவதாக ஒரு பத்தி எழுதினேன், மனசு கேட்கவில்லை, குணமாக்கிவிட்டேன். அப்புறம்தான் சட்டென்று உறைத்தது: அந்த மூன்று பேரும் ஒரு நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து செய்தது இதைத்தானே. இல்லாத ஒருத்தனுக்கு ஒழுகும் குழாய் வைத்தார்கள். அவளும் 'ஐயோ பாவம்' என்றாள்.

பத்தியை அழித்தேன். நாயை அழிக்கக் கை வரவில்லை. அது மேலே அப்படியே படுத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் படம் வரைவாள் என்று மட்டும்தான் அக்கா சொன்னார். கப்பலும் நங்கூரமும் நான் போட்டவை. நீங்கள் நம்பினீர்கள்.

5

சரி, அம்மாவிடம் போவோம். அம்மா எங்கள் மையத்துக்கு வந்தது வேலைக்குப் போகும் வழியில். தொழிற்சாலைச் சீருடை, கையில் குடை, உள்ளங்கையெல்லாம் நீராவியில் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பஸ் சீட் போன்ற அந்த நாற்காலியில் உட்காரத் தெரியாமல் விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்படி என்னத்த மேடம் பேசினான் அவன்? நாலு கேள்வி கேட்டா 'ம்'னு ஒரு பதில் சொல்ற புள்ள. அவன்கிட்ட மட்டும் எப்படிப் பேசினா?"

"அவ என்கிட்ட சொன்னது அவளோடதும்மா. நான் சொல்லக் கூடாது."

"படத்தைப் பத்திக் கேக்கலங்க. அது எனக்கு வேணாம், நான் பாக்கவும் மாட்டேன். அவன் என்ன கேப்பான், அத மட்டும் சொல்லுங்க. அதையே நான் கேட்டுட்டுப் போறேன்." குடையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தார். "எனக்குக் கேக்கத் தெரியலன்னுதானே அவன்கிட்ட போனா?"

இத்தனை வருடத்தில் அக்கா உள்ளறைப் பேச்சை மையத்துக்கு வெளியே விட்டதில்லை. அன்று விட்டார். அதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் தோன்றியது. ரகசியம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

"வானம் எப்படி இருக்குன்னு கேப்பான்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. "அவ்ளோதானா?" பிறகு சிரிப்பு போய்விட்டது. "அவ்ளோதானா மேடம்?"

அன்று முழுக்க மெஷின் பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டே அந்தக் கேள்வியைச் சொல்லிப் பார்த்தாராம். எதிர்முனையைப் பிடித்தவள், "என்னக்கா, தனியா பேசிக்கறீங்க? மேலேருந்து சாமி ஏதாவது வருதா?" என்று கிண்டல் செய்தாளாம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து, செருப்பைக் கழற்றி, சின்னது தட்டில் ஏதோ போட்டுத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, குரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் உரக்கவே கேட்டுவிட்டார்:

"என்ன சின்னது, இன்னிக்கு வானம் எப்படி இருந்துச்சு?"

கை அப்படியே நின்றது.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. சும்மா கேக்கறேன்."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"இல்லடி."

"பாத்தியா? எல்லாத்தையும் பாத்துட்டியாம்மா?"

"சத்தியமா இல்லடி. நான் வானத்தத்தான் —"

சின்னது எழுந்து உள்ளே போனாள். 'கதவைப் படாரென்று அறைந்தாள்' என்று எழுதியிருந்தேன். அக்கா படித்துவிட்டு விரலால் அந்த வரியைத் தட்டினார். "அறையல. சத்தமே இல்லாம சாத்தினாளாம். அதான் அவங்கம்மாவுக்குத் தாங்கல."

திருத்திக்கொண்டேன். சத்தமில்லாமல் சாத்தினாள். அதற்கடுத்து வரவேண்டிய நாளில் அவள் மையத்துக்கு வரவில்லை. அதற்கடுத்தும் வரவில்லை. ஜன்னலைப் பார்த்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் அக்கா மட்டும் அந்த நேரம் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவள் நேரத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. [அப்போது அக்கா அழுதார் என்று எழுதியிருந்தேன். "நான் எங்கடா அழுதேன்?" என்றார். எடுத்துவிட்டேன்.]

6

போலீஸ்காரம்மா ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க நேரிலேயே வந்தார். இந்தப் பகுதியில் நானும் இருக்கிறேன். என் மேசையில்தான் டீ வைத்துக் குடித்தார்கள்.

"அந்த வானம் மேட்டர் பாத்தீங்களாக்கா? அழகா இருக்குல்ல?"

"ம்."

"அதான் அவனுங்க தொழிலே. இன்னிக்கு மழைன்னு ஒரு புள்ள சொல்லுச்சுன்னா எந்தெந்த ஊர்ல மழைன்னு பாப்பானுங்க. நாளைக்கு வெயில்னா பாதி ஊரு கழிஞ்சிரும். ஜன்னல்லேருந்து போட்டோ வந்துட்டா வேலையே முடிஞ்சுது. தண்ணித் தொட்டி, டவரு, எதிர் மாடி. தெருவரைக்கும் போயிரலாம். அப்புறம்தான், 'உன் வீடு எனக்குத் தெரியும்'. சும்மா பயமுறுத்தல, நெஜமாவே தெரியும்."

அக்கா டீ டம்ளரை மேசையில் வைத்தார். அதற்குமேல் குடிக்கவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குச் சொல்லவில்லை. நான் ஊகித்ததை எழுதுகிறேன். ஒரு பெண்ணின் வீட்டைத் துப்பறியச் செய்து வைத்த கருவியை எடுத்து, இதைச் சொல்லுங்கள் பிரியமாக இருக்கும் என்று அவளுடைய அம்மாவின் கையில் கொடுத்தோமே என்று நினைத்திருப்பார். இதைச் சின்னதுக்குச் சொல்ல வேண்டும். நாளைக்கு வேறொருவன் அதே கேள்வியோடு வந்தால் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் சொன்னால் அவளிடம் மிச்சமிருக்கிற அந்த ஒன்றும் போய்விடும். அதுவும் சொல்வதற்கு அவள் வர வேண்டுமே.

முதல் பகுதியில் உங்களிடம் நான் கேட்டேன். எட்டிப் பார்த்தீர்களா? பார்க்காவிட்டாலும், மேகமா வெயிலா என்று மனசு ஒரு பதிலை எடுத்து வைத்திருக்கும். உங்கள் ஊர் எனக்கு வேண்டாம். அந்த ஒரு நொடி, யாரோ நம்மைக் கேட்கிறார்கள் என்று இருந்ததா இல்லையா? அது மட்டும்தான் எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் ஏங்குகிறாள்.

7

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் வந்து நின்றாள். பள்ளிப் பை முதுகில், போன் உள்ளங்கையில் கவிழ்ந்து கிடந்தது. என்னைத் தாண்டி நேரே உள்ளறைக்குப் போனாள். பின்னாலேயே அக்கா.

"கோவமா இருக்கேன்" என்றாள் முதலில்.

"இரு. நியாயம்தான். நான் சொல்லியிருக்கக் கூடாது."

"அதைப் பத்திப் பேச வரல. இது யாரு?"

போனைத் திருப்பிக் காட்டினாள். தெரியாத கணக்கிலிருந்து ஒரு செய்தி, காலையிலேயே வந்து, ஏற்கவா மறுக்கவா என்று காத்திருந்தது. படம் இல்லை, பெயருக்குப் பதில் ஏதோ எழுத்துகள். ஏற்காமலே முதல் வரி தெரிந்தது: 'இன்னிக்கு வானம் எப்படி'.

"நீங்களா?"

"நான் இல்லம்மா."

"அப்போ அம்மாவா?"

"அம்மாவுக்கு இதெல்லாம் —"

"தெரியாது. ஆனா மெஷின்ல கூட நிக்கற அக்காகிட்ட கணக்கு ஒண்ணு தொறந்து குடுன்னு கேட்டுச்சாம். பெரியவ போன்ல சொன்னா. மூஞ்சியப் பாத்துக் கேட்டா இவ கதவச் சாத்திக்கறா, எழுதிக் கேட்டா சொல்வாளோ என்னமோன்னு சொல்லி அழுதுச்சாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அம்மாவா இருந்து நான் மறுத்துட்டேன்னா, அவ்ளோதான்க்கா, அது இனிமே எதையுமே கேக்காது. அவனா இருந்து நான் தொறந்துட்டேன்னா மறுபடி முதல்லேருந்து. அவனா இருந்தா..."

அவள் இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடித்துக் கொடுக்கப் போவதில்லை.

அக்கா அம்மாவின் எண்ணுக்கு அடித்தார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, லாக்கரில். தொழிற்சாலை எண்ணுக்கு அடித்தால் மேற்பார்வையாளர் எடுப்பார், என்ன விஷயம் என்பார், அவரிடம் என்னவென்று சொல்வது? அந்தக் கணக்கின் விவரத்தைப் போலீஸ்காரம்மாவுக்கு அனுப்பினார். 'பாக்கறேன்க்கா' என்று மட்டும் வந்தது. ஷிஃப்ட் முடிகிறவரை செய்வதற்கு வேறு எதுவும் இல்லை.

"உக்காரு" என்றார் அக்கா. "அதுவரைக்கும் அதைத் தொட வேணாம். ஒண்ணு சொல்லணும் உன்கிட்ட. உனக்குப் பிடிக்காது."

மழையை வைத்து ஊரைக் கழிப்பதை, ஜன்னல் படத்தில் தொட்டியைத் தேடுவதை, எல்லாவற்றையும் அக்கா மெதுவாகச் சொல்லி முடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க முடியாதபடிதானே நாற்காலிகளைப் போட்டிருக்கிறார்.

"தெரியும்க்கா."

"தெரியுமா?"

"மிரட்டும்போது எதிர் வீட்டு நீலத் தொட்டியப் பத்திச் சொன்னான். அப்பவே புரிஞ்சுபோச்சு, எதுக்கு வானம் கேட்டான்னு."

"தெரிஞ்சுமா..."

"தெரிஞ்சா ஞாபகம் வராதுன்னு யாருக்கா சொன்னா உங்களுக்கு?"

8

முடிவுகள்.

முதலாவது: ஷிஃப்ட் முடிகிறது. அம்மா லாக்கரைத் திறக்கிறார். போனை எடுக்கிறார். 'ஆமா மேடம், நான்தான் அனுப்பினேன், தப்பா?' என்கிறார். சின்னது அக்காவின் போனைப் பிடுங்கி, 'லூசும்மா நீ' என்று அழுகிறாள். கண்ணீர், விளக்கு வெளிச்சம், வெளியே மழை நிற்கிறது. எழுதி முடித்து நானே மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அதனால் நம்பவில்லை. அந்த நாயை எழுதிய கைதான் இதையும் எழுதியது.

இரண்டாவது: 'நான் எந்தக் கணக்கும் திறக்கல மேடம், அந்தப் பொண்ணுக்கு நேரமே இல்லன்னுட்டா' என்கிறார் அம்மா. அக்கா சின்னதைத் திரும்பிப் பார்க்கிறார். நாற்காலியில் —

இல்லை. இதை எழுத மாட்டேன்.

மூன்றாவதாக ஒன்று யோசித்து, சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"முடிவெல்லாம் இருக்கட்டும் கடுதாசி. அதுக்கு முன்னால நடந்ததை எழுதினியா?"

"எது?"

"காத்துட்டிருந்தது."

எழுதவில்லைதான். ஒன்றும் நடக்காத நேரம் என்று தாண்டிப் போயிருந்தேன். எழுதுகிறேன்.

போன் சுவரோரத்து மேசையில் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாட்ச்மேன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, பேச்சு நடக்கவில்லை என்று பார்த்ததும் மூச்சுக் காட்டாமல் போய்விட்டார். வண்டி நிறுத்தும் இடத்தில் யாரோ காரைப் பின்னால் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னுமாக ஆட்டிக்கொண்டிருந்தார். சின்னதுக்கு லேசாகச் சிரிப்பு வந்து போனது. அக்காவுக்கு நாக்கு நுனிவரை ஒரு கேள்வி வந்தது. என்ன கேள்வி என்று உங்களுக்குத் தெரியும். அதை வாயில் வைத்துக்கொண்டே டீயை ஒரு வாய் குடித்தார். கேட்கவில்லை.

துருக் கூரை கொஞ்சம் கொஞ்சமாக நிறம் மாறியது. சின்னது முன்னால் நகர்ந்து, மோவாயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மூடிட்டு வருதுக்கா" என்றாள். "அந்தப் பக்கம் மட்டும் ஒரு கோடு மாதிரி வெளுப்பா இருக்கு. கூரை மறைக்குது. இங்கேருந்து உங்களுக்குத் தெரியாது, இப்படி வாங்க."

யாரும் அவளைக் கேட்கவில்லை.

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் என் மேசைவரை கேட்டது. என் காதில் விழுந்தது அவ்வளவுதான். அதன் பிறகு ஷிஃப்ட் முடிந்தது, போன் அடித்தது, யார் அனுப்பியது என்று தெரிந்தும் போனது. அக்கா எனக்குச் சொன்னார். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார், அது அவளோடதாம்.

ஆகவே பெறுநர் அவர்களுக்கு: லாக்கரைத் திறந்து வைக்கிற வேலை உங்களுடையது. அம்மாவா, அவனா, நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரம் இல்லை. முதல் பகுதியில் நான் இங்கேயே இருக்கிறேன் என்று எழுதினேன். அப்படி எழுதுவது சுலபம். அந்த மூன்று பேரும் தினமும் எழுதினார்கள். அக்கா எழுதவில்லை. டீ ஆறிப்போன பிறகும் அந்த நாற்காலியில் இருந்தார்.

உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். இழுத்துப் போடும்போது சத்தம் வந்தால் பரவாயில்லை.